கயிற்றுக்குள் இருந்த மண்

நாலு புள்ளி ஏழு.

மண் பரிசோதனை நிலையத்திலிருந்து தபாலில் வந்த தாளில் அந்த எண்ணைப் பார்த்ததும், கையிலிருந்த மண்வெட்டியை எங்காவது வீசி எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. எதிரே என் கணவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் எறியவில்லை. குறி தவறாது என்று எனக்கே பயம்.

"பார்த்தியா?" என்றார். "முதல் வருஷம் நாலு புள்ளி எட்டு. ரெண்டாவது வருஷமும் நாலு புள்ளி எட்டு. இப்ப அதுலயும் ஒரு புள்ளி இறங்கியிருக்கு. மூணு வருஷமா நீ சுமந்த கோழி எரு என்ன பண்ணிச்சு? சொல்லு."

"அவங்க மிஷின் தப்பா காட்டுது."

"மூணு வருஷமாவா?"

குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போடுகிற மனிதரோடு சண்டை போடலாம். தாளை நான்காக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்கிறதா என்று பார்த்து, மடிப்பை நகத்தால் நீவுகிற மனிதரை என்ன செய்வது?

"சூளைக்காரருக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றார். "சனிக்கிழமை மண் அள்ற மிஷின் வரட்டும். பேசினது பேசினபடி."

பேசினது நான்தான். மறுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், பக்கத்து வயல்காரர் தன் நிலத்தின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொடுத்தபோது, இவரும் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். "மூணு வருஷம் எனக்குக் குடுங்க. மண்ணைத் தேத்திக் காட்டறேன். பேப்பர்ல மாறலைன்னா நீங்க சொல்றபடி" என்று வாய் விட்டேன். இரண்டு அடி மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் அங்கே புல்கூட முளைக்க யோசிக்கும். அது எங்களுக்கு இருக்கிற ஒரே நிலம். மேல் வயல், கீழ் வயல் என்று படி போல இரண்டு துண்டு.

என் கணவர் பிறவி விவசாயி இல்லை. இருபத்திரண்டு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். நிலம் அவருடைய அண்ணன் கைமாற்றி விட்டுப் போனது. அந்த அண்ணன் கெட்டிக்காரர். இருபத்தைந்து வருடம் மூட்டை மூட்டையாக வெள்ளை உரம் போட்டு, மண்ணைப் புளிக்க வைத்து, விளைச்சல் படுத்ததும் மகள் வீட்டோடு போய்ச் செட்டில் ஆகிவிட்டார். இவர் வந்து, துணி வெட்டுவது போல வயலை வெட்ட ஆரம்பித்தார். விதைப்பதற்குக் கயிறு, பாத்தி கட்டக் கயிறு, எரு தூவ நூல் பிடித்துக் கட்டம். பத்தடிக்கு ஒரு கூடை. அரைக் கூடை கூடினாலும் அள்ளி எடுத்துவிடுவார். எங்கள் வயலில் கயிறு இல்லாத இடம்தான் குறைவு.

மண் புளிக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பரிசோதனை நிலையத்தில் இருக்கிற மேடம்தான் சொல்லித்தந்தார். ஏழு என்றால் நடு. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம். ஐந்துக்குக் கீழே போய்விட்டால் பீன்ஸ் வேர் நீளாது, கட்டை கட்டையாகக் கருகி நின்றுவிடும். என்ன போட்டாலும் மண் தானே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குத் தராது. வெள்ளை உரம் ஒரு பக்கம் புளிக்க வைக்கிறது, விடாத மழை ஒரு பக்கம் மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போகிறது. சுண்ணாம்புத் தூள் லாரி லாரியாகக் கொட்டலாம். ஆனால் எங்கள் வயலுக்குப் போகும் பாதையில் லாரி வராது, தள்ளுவண்டிதான் வரும். "அப்போ முட்டைக் கோழிப் பண்ணை எரு போடுங்க அக்கா. முட்டை ஓடு கெட்டியாகணும்னு கோழிக்குச் சுண்ணாம்புக் கல் போடுவாங்க. தின்னதுல பாதி எச்சத்துலயே வந்துடும். ரெண்டு மாசம் மக்க வெச்சுப் போடுங்க. ஒரே வருஷத்துல மாறாது, விடாம போட்டா மாறும்" என்றார் மேடம்.

விடாமல் போட்டேன். சாலை வளைவில் இருக்கும் பண்ணையிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றி, மேட்டில் மூச்சுப் பிடித்துத் தள்ளி, வயல் ஓரத்தில் குவித்து, மூடி வைத்து, கிளறி. கொண்டுவருவது என் வேலை, தூவுவது அவர் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் அந்த வாடை போகாது. பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. மகள் வீட்டுக்குப் போனால் மருமகன் எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுவார். மரியாதையான பிள்ளை, காற்றுக்காக என்பார்.

வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு மண் எடுப்பதும் மாஸ்டர்தான். அன்றைக்கு என்னை வயல் பக்கமே விடமாட்டார். "உன் கையெல்லாம் எரு வாசனை. மண்ணுல பட்டா பேப்பர்ல தப்பா வரும்" என்பார். நிலையத்தில் கொடுத்த துண்டுத் தாளில், எருக் குவியல் இருந்த இடத்தில் மண் எடுக்கக் கூடாது என்றிருந்த வரியைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு வைத்திருந்தார். சரி, படித்த மனிதர், தொழிற்சாலையில் கணக்காக வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியாததா என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் என் கண் பொய் சொல்லவில்லையே. போன பட்டத்தில் பீன்ஸ் என் இடுப்புக்கு மேலே வந்தது. செடியைப் பிடுங்கினால் வேர் மீசை மாதிரி வெள்ளையாகத் தொங்கியது. காட்டினேன். "இந்த வருஷம் மழை நல்ல மழை" என்றார். நான் குனிந்து நிமிர்ந்ததெல்லாம் மழையின் கணக்கில் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை நேராகப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். "உங்க மிஷினைக் குப்பையில போடுங்க" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க நின்றேன். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. அளவு தெரிந்த இரண்டு திரவங்களில் அந்தக் கண்ணாடிக் குச்சியை முக்கிக் காட்டினார். நாலு என்றதில் நாலு காட்டியது, ஏழு என்றதில் ஏழு.

"மிஷின் சரியாதான் இருக்கு அக்கா. மண்ணு யாரு எடுத்தது?"

"வீட்டுக்காரர்."

"இந்தத் தடவை நீங்க எடுத்துட்டு வாங்க. ஒரே இடத்துல எடுக்காதீங்க. குறுக்கும் நெடுக்கும் நடந்து பதினஞ்சு இடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு சாண் ஆழம். எல்லாத்தையும் கலந்து, நிழல்ல காய வெச்சு, ஒரு பிடி கொண்டாங்க போதும்."

புதன்கிழமை மாஸ்டர் சூளைக்காரரைப் பார்க்கப் போன நேரத்தில் நான் திருடியைப் போல என் சொந்த வயலில் இறங்கினேன். மேல் வயலில் எட்டு இடம், கீழ் வயலில் ஏழு இடம். தோண்டின குழியை மூடி, காலால் நிரவி, மேலே சருகு தூவினேன். மேல் வயல் நடுவில் நாலு முளையடித்துக் கயிறு கட்டிய ஒரு சதுரம் உண்டு, எட்டடிக்கு எட்டடி. மூன்று வருடமாக இருக்கிறது. ஏதோ அளவுக்காகக் கட்டியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதற்குள் மட்டும் நான் போகவில்லை. அங்கே ஒரு கால்தடம் இருந்தாலும் மனிதர் கண்டுபிடித்துவிடுவார். மண்ணைப் பழைய செய்தித்தாளில் பரப்பிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக் காய வைத்தேன். அன்று இரவு, என் மானமே தன் முதுகுக்குக் கீழே காய்வது தெரியாமல், அவர் அதே கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்தில் நிலையத்துக்குப் போனேன். மேடம் மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தார். அரை மணி நேரம் ஊற வேண்டுமாம். அந்த அரை மணி நேரமும் நான் அந்தக் கலங்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குச்சியை இறக்கினார். எண் ஓடியது, தயங்கியது, நின்றது.

ஆறு புள்ளி மூணு.

"இன்னொரு தடவை பாருங்க மேடம்."

பார்த்தார். மறுபடியும் ஆறு புள்ளி மூணு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்குமோ, மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

தாளில் எழுதித் தந்தார். கையெழுத்தும் சீலும் பெரிய ஆபீசர்தான் போட வேண்டும், அவர் மீட்டிங்கில் இருக்கிறார், பதினொரு மணிக்கு வருவார் என்றார். சீல் இல்லாத தாள் மாஸ்டர் கண்ணுக்கு வெறும் தாள். காத்திருந்தேன். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. ஆபீசர் வரவில்லை. பொறுக்காமல் போன் போட்டேன்.

"ஏங்க, நான் லேப்ல இருக்கேன். ஆறு புள்ளி மூணு வந்திருக்கு!"

"என்ன மண்ணு? யாரு எடுத்தது?" பின்னாலே ஏதோ உறுமியது.

"அது என்ன சத்தம்?"

"மிஷின் வந்திருக்கு. நாளைக்கு அவங்களுக்கு வேற இடத்துல வேலையாம். காலையிலேயே வந்துட்டாங்க."

"நிறுத்துங்க! அதை நிறுத்துங்க முதல்ல!"

"சீல் போட்ட பேப்பரா?"

"இப்ப போட்டுடுவாங்க..."

"போட்டுக் கொண்டா. பார்க்கலாம். வாக்கு குடுத்துட்டு, போன்ல கேட்டதை வெச்சு நிறுத்தச் சொன்னா நல்லா இருக்காது."

அந்த நிமிடம் அவர் கழுத்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாதது இருவருக்கும் நல்லது. சீல் இல்லாத தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, யாருமே இல்லாத நிறுத்தத்திலும் நின்றது. நடத்துநரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

பாதை முடிவில் நின்று பார்த்தபோது மேல் வயல் இல்லை.

என் மூன்று வருடம் இருந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கட்டாந்தரை கிடந்தது. எந்திரத்தின் பற்கள் கீறிய கோடு கோடாக. வழித்த மண்ணைச் சின்ன டிராக்டர்களில் ஏற்றிப் பெரிய சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு கொண்டுவர வழியில்லாத அதே பாதையில், மண்ணைக் கொண்டுபோக மட்டும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் கட்டாந்தரைக்கு நடுவே ஒரு சதுரம் மட்டும் இரண்டு அடி உயரத்துக்கு மேசை போல நின்றது. நாலு முளை, சுற்றிலும் கயிறு, கொஞ்சமும் கலையாமல்.

எந்திரம் கீழ் வயலில் இறங்கி முதல் வாளியை அள்ளத் தாழ்ந்துகொண்டிருந்தது. நான் போய் அந்த வாளிக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்றேன்.

"அம்மா, தள்ளுங்கம்மா!" ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தினார். "உயிரோட விளையாடாதீங்க!"

"அள்ளணும்னா என்னையும் சேர்த்து அள்ளு."

மாஸ்டர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். கையில் அளவு டேப். "பேப்பர் எங்க?"

கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து இல்லையே."

"எண்ணு இருக்கில்ல? அதைப் படிங்க!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "பதினஞ்சு இடத்துல நான் எடுத்த மண்ணு. இந்தக் கையால. நீங்க எங்க எடுத்தீங்க?"

"அங்கதான்" என்று அந்தச் சதுரத்தைக் காட்டினார். "மூணு வருஷமும் அதே இடத்துலதான். மாத்தி மாத்தி எடுத்தா எப்படி ஒப்பிடறது?"

"அதுக்குள்ள எரு போட்டீங்களா?"

"அதுல எப்படிப் போடுவேன்?" நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "டெஸ்டுக்குப் போற இடத்துல எருவைக் கொட்டினா, அவங்க மண்ணை டெஸ்ட் பண்ணுவாங்களா, எருவை டெஸ்ட் பண்ணுவாங்களா? கம்பெனியில சீல் பீஸ்ல யாராவது கை வெப்பாங்களா? ஒரு பீஸை அப்படியே சுத்தமா வெச்சுக்கிட்டுதான் மத்ததை எல்லாம் அதோட ஒப்பிடுவோம். எருவுல நிஜமாவே சத்து இருந்தா சுத்தியும் போட்டதுல இது வரைக்கும் பரவி வரட்டுமேன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

சீல் பீஸ் எனக்குத் தெரியும். எங்கள் அலமாரியில் இன்னும் ஒன்று இருக்கிறது. வாங்குகிறவன் சரி என்று ஒப்புக்கொண்ட முதல் சட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை கட்டி, முத்திரை வைத்து. தைக்கிற ஆயிரம் சட்டையையும் அதோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். அதை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது, துவைக்கக் கூடாது, தொடக்கூடக் கூடாது. அதைப் போலவே இந்த எட்டடி மண்ணையும் ஒரு துளி எரு படாமல் மூன்று வருடம் கட்டிக் காத்து, வருடம் தவறாமல் அதையே அனுப்பி, மாறவில்லை மாறவில்லை என்று தாளை எனக்கு முன்னால் நீட்டியிருக்கிறார். அதற்குள் பீன்ஸ் செடி சாணுக்கு மேல் வளராமல் மஞ்சளாக நின்றதை நானும் பார்த்திருக்கிறேன், எலி கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு. அவரும் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறோம்.

"சார்தான் சொன்னாரும்மா" என்றார் ஓட்டுநர், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல. "எல்லாத்தையும் எடுத்துக்கோ, அந்தக் கயித்துக்குள்ள மட்டும் கை வெக்காதேன்னு. நான் ரொம்பப் பார்த்துதான் எடுத்தேன்."

"ரொம்ப நல்லாப் பார்த்துட்டீங்க" என்றேன்.

"அள்ளினதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்று மாஸ்டர் கேட்டார். அவர் குரல் மெலிந்திருந்தது.

"எங்க சார்? இந்நேரம் தண்ணி ஊத்திக் குழைச்சிருப்பாங்க."

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அழகாக ஒன்றும் அழவில்லை. மூக்கு ஒழுக, முந்தானையில் துடைத்துக்கொண்டு, நடுநடுவே அவரைத் திட்டிக்கொண்டு. முதல் வருடமே நானும் சேர்ந்து மண் எடுத்திருக்க வேண்டும். கையில் வாடை என்று அவர் சொன்னதும் ஏன் ஒதுங்கினேன்? படித்தவர், கணக்கானவர் என்று ஏன் விட்டேன்? அந்தக் கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. நான் சுமந்து சேர்த்த எருவும், அது தேற்றிய மண்ணும் யாரோ கட்டப்போகிற சுவரில் செங்கல்லாகப் போகின்றன. மிச்சம் நிற்பது நான் ஒரு கூடைகூடப் போடாத புளிப்பு மண்.

மாஸ்டர் ஓட்டுநரிடம் போய் ஏதோ பேசினார். கொஞ்ச நேரத்தில் எந்திரம் கீழ் வயலைத் தொடாமல் பின்வாங்கி, உறுமிக்கொண்டு பாதையேறிப் போனது. அவர் அந்தக் கட்டாந்தரையில் நடந்து சதுரத்துக்குப் போனார். ஏறுவதற்கு முட்டி போட வேண்டியிருந்தது. நாலு முளையையும் பிடுங்கினார். கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றி, பழக்கம் போகாமல், பிசிறில்லாமல் மடித்தார். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"கீழ் வயல் இருக்கு" என்றார் மறுபடி. "இதையும் மறுபடி தேத்தலாமா? எத்தனை வருஷம் ஆகும்?"

"தெரியாது. மேடத்தைத்தான் கேட்கணும். ஆனா அதோ அந்த மேசையில இருந்து ஆரம்பிங்க. மூணு வருஷமா ஊருக்கே சோறு போட்டுட்டு அதை மட்டும் பட்டினி போட்டிருக்கீங்க."

தலையை ஆட்டினார். இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசித்து, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷம் மண்ணு எடுக்கறது..." என்று இழுத்தார்.

"நான் எடுக்கறேன்."

என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு, விரலிடுக்கில் போகாத வாடை. வாய் திறக்கப் போகிறார் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரோ எழுந்து தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். மூன்று வருடத்தில் அதை அவர் தொட்டது அதுதான் முதல்முறை. பண்ணைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.